சீட்டாட்டத்துக்குப் போட்ட தடை

எதில் தோற்றாலும் இதில் மட்டும் பெண்டாட்டியிடம் தோற்பதில்லை என்று அப்பாதுரை சபதம் எடுத்துவிட்டான். அப்படி என்ன பெரிய விஷயம்? கம்ப்யூட்டரில் சீட்டாட்டம்!

திண்டிவனத்தில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில், சீட்டாட்டத்தின் முதல் பத்து இடமும் ஒரு வருஷமாக அவனுக்கே பட்டா போட்ட மாதிரி இருந்தன. அதில் உச்சப் புள்ளி 4,200. ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். 2011 பொங்கல் லீவில் சும்மா உட்கார்ந்தாள் கிருஷ்ணவேணி. பத்தே நாளில் ஒன்பது இடம் அவளுடையது. பத்தாவதாக இவனுடைய 4,200 தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாள் என்றால் அதுவும் போச்சு, மானமும் போச்சு.

நல்லவேளை, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் அவனுக்குக் கம்ப்யூட்டர் லேப் வேலை. பையன்கள் கண்ட மென்பொருளையும் ஏற்றி விளையாடுவதைத் தடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தான். வேறொன்றுமில்லை, கட்டளைகளை வரிசையாக எழுதிய சின்னக் கோப்பு. தடைப்பட்டியலில் ஒரு மென்பொருளின் பேரைச் சேர்த்தால் அதைத் தூக்கிக் கடாசிவிடும், மறுபடி ஏறவும் விடாது. ஆட்டத்தின் புள்ளிப் பட்டியல் மட்டும் அழியாமல் இருக்கும். டெஸ்ட் பண்ணுகிற சாக்கில், வீட்டில் முதல் பேராகச் சீட்டாட்டத்தைச் சேர்த்தான்.

"காலேஜ் வேலை, வேணி. நான் இன்னா பண்றது, சொல்லு?" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான்.

அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. அங்கேயே இவன் உஷாராகியிருக்க வேண்டும்.

கிருஷ்ணவேணி பத்திரம் எழுதுகிறவரிடம் டைப்பிஸ்ட். ஓட்டை எங்கே என்று பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பட்டியல் நடுவுல ஒரு வெத்து வரி வுட்டா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

தட்டினாள். அவ்வளவுதான்! எதை ஏற்றப் பார்த்தாலும் தடை, தடை என்றது ஸ்கிரிப்ட். வெற்று வரி எல்லாப் பேருக்கும் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"பத்திரத்துல வெத்து எடம் வுட்டா எவன் வேணா எதையும் எழுதிக்குவான்னு கோடு இஸ்து அடைப்போம். நீங்க அடைக்கலையே?"

அடைத்தான்.

"சரி, தடையை யாரு எடுக்கலாம்?"

"நான்தான். என் பாஸ்வேர்டு போட்டாப் போதும்."

"ஒத்தை ஆளா? ரெண்டு சாட்சி கையெழுத்து இல்லாம எந்தப் பத்திரம் செல்லுங்க? எவனாவது உங்க பாஸ்வேர்டைப் பார்த்துட்டா பேஜாராப் பூடுமே!"

அட, நல்ல யோசனை! இரண்டு பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினான். முதலாவது அவனுடையது. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான். சின்ன வயசுப் பழக்கம், விடவில்லை. இரண்டாவதை டெஸ்டுக்காக அவளையே போடச் சொன்னான். பத்து விரலும் ஓட, கண் இமைப்பதற்குள் முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் கல்லூரியில் முப்பது பையன்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள். வெற்று வரி விட்டார்கள். அப்பாதுரையின் பாஸ்வேர்டையே ஒருத்தன் எட்டிப் பார்த்து அடித்தான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. "கெட்டிக்காரன்யா நீ!" என்று முதல்வர் கிருஷ்ணசாமி எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார்.

அப்பாதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு வீடு வந்தான். வேணி இன்னும் வரவில்லை. ஜல்தியாகத் தடையை எடுத்து நாலு ஆட்டம் ஆடி, 4,200-ஐ உயர்த்திவிட்டால்? தன் பாஸ்வேர்டைப் போட்டான். அடுத்தது? அவள் பேர் போட்டான். அவள் பிறந்த பிரம்மதேசத்தைப் போட்டான். மாமியார் பேர்கூடப் போட்டுப் பார்த்தான். எழுதினவனையே உள்ளே விடவில்லை, அவ்வளவு உறுதியான ஸ்கிரிப்ட்! பெருமைப்படுவதா, அழுவதா என்று அவனுக்கே விளங்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"நவுருங்க," என்றாள் வேணி. இரண்டு பாஸ்வேர்டையும் அவளே தட்டினாள். தடை போயிற்று, சீட்டாட்டம் திரும்ப ஏறியது.

"என்னோடது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிக்கினுதானே தட்னீங்க?"

"அப்ப இத்தினி நாளா...?"

"மத்தியானம் சோத்துக்கு வூட்டுக்கு வர்றப்ப தடையை எடுப்பேன். ஆடிட்டு மறுபடி போட்டுடுவேன். உங்க டெஸ்டு கெடக் கூடாதுல்ல?"

பதறிப்போய்ப் புள்ளிப் பட்டியலைத் திறந்தான். ஒன்பது இடமும் கிருஷ்ணவேணி. பத்தாவது அப்பாதுரை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் எண்ணைப் பார்த்தான். 4,900.

"நான் இவ்ளோ எடுக்கவே இல்லியே?"

"உங்களுது போன வாரமே போயிடுச்சுங்க. பார்க்கப் பாவமா இருந்துச்சு. அதான் உங்க பேர்ல நானே ஒரு ஆட்டம் ஆடி வச்சேன்."