பம்ப்புக்கு ஊதுவத்தி காட்டியது பற்றி அத்தைக்கு

அன்புள்ள பாக்கியமேரி அத்தைக்கு,

ஜாஸ்லின் பணிவுடன் எழுதுவது. இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். அரியமங்கலத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்தான். ஆனால் நேரில் வந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சோறு போட்டுவிடுவீர்கள். போன் செய்தால் தையல் மிஷினை நிறுத்தாமல் ஸ்பீக்கரில் போடுவீர்கள். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லாம் கேட்டு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதனால்தான் காகிதம். எதையும் கேட்பதற்காக எழுதவில்லை, பயப்பட வேண்டாம். கூட வரும் பொட்டலத்தை இப்போது பிரிக்காதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. இங்கே அப்பா, அம்மா, பம்ப் மூவரும் சுகம். பம்ப் நேற்றிலிருந்துதான் சுகம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் எனக்கு வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில் காசு கொடுத்து யார் நீந்துவார்கள் என்று சிரித்த அப்பா, கடைசியில் “வேலைக்குப் போ, தண்ணியில மட்டும் இறங்காத” என்று சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு வேலை வரவேற்பு மேஜையில். ஆனால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள் என்பதால் ஃபேன் கிறீச்சிட்டாலும் முதலாளி ஜெய்சங்கர் சார் என்னைத்தான் கூப்பிடுவார். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று நீங்கள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தீர்கள். அந்தப் பட்டத்துக்காக நான் பம்ப்பைப் படமாகத்தான் வரைந்திருக்கிறேன், அத்தை. அதுவும் பென்சிலில்.

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து எங்கள் பம்ப் இரும ஆரம்பித்தது. குளத்துத் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, திரும்பக் குளத்தில் விடுவது அதன் வேலை. அது விட்ட தண்ணீரோ சோடா மாதிரி குமிழி விட்டுக்கொண்டு வந்தது, பம்ப்பின் கண்ணாடி மூடி வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே பாதி தண்ணீர், மீதி காற்று, எங்கிருந்தோ காற்று நுழைகிறது என்பது எனக்கே புரிந்தது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை, ஏனென்றால் தண்ணீர் ஒழுகினால் தரை நனையும், இழுக்கிற பக்கத்தில் ஓட்டை என்றால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், காற்றை எங்கே போய்த் தேடுவது? ஒரு மெக்கானிக் வந்து மோட்டாரையே மாற்றச் சொன்னார். இன்னொருவர் தரைக்கு அடியில் குழாய் விரிந்திருக்கிறது, டைல்ஸை உடைக்க வேண்டும் என்றார். அதற்குள் தண்ணீர் பச்சையாகத் தொடங்கியது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் டைல்ஸை உடைப்பது, திங்கட்கிழமை தொடங்கவிருந்த பெண்கள் வகுப்பை ரத்து செய்வது, குளம் சரியானதும் அந்த நேரத்தைப் போட்டிக்குப் போகும் பையன்களுக்குக் கொடுத்துவிடுவது என்று சார் முடிவு செய்துவிட்டார். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர் பயிற்சியாளர் ஹஃப்ஸா அக்கா. அவருக்கு முகமே செத்துப்போயிற்று. எனக்கும் கொஞ்சம். எனக்கு அந்த வகுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா சொல்கிறேன்.

இதில் மனம் தளராதவர் வாட்ச்மேன் பிச்சமுத்து அண்ணன் ஒருவர்தான். மெக்கானிக்குகள் கைவிட்ட பம்ப்பை அவர் சமயபுரத்தாளிடம் ஒப்படைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, பூவும் சுற்றினார்.

நான் என் பங்குக்குக் குளத்தில் தண்ணீர் மட்டம் பார்த்தேன், திருகுகளைக் கழற்றி டேப் சுற்றி முடுக்கினேன். இருமல் நிற்கவில்லை. இணைப்புகளில் ஷேவிங் நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது உள்ளே இழுபடும் என்று ஒரு வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் காட்டினார். நானும் கடை வரை போனேன், அத்தை. ஷேவிங் க்ரீம் கேட்க வெட்கமாக இருந்தது. கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மிட்டாயைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் தோன்றியது: காற்று போகிற வழியில் புகையும் போகுமே. பிச்சமுத்து அண்ணனின் சாமி மாடத்திலிருந்து ஊதுவத்தி எடுத்துக் கொளுத்தி, ஓடுகிற பம்ப்பின் ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டு வந்தேன்.

நிமிர்ந்தால் பிச்சமுத்து அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார். “மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, அதுவே காட்டுது பாருங்க” என்று அந்தப் பச்சைத் தண்ணீரிலும் குளித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். ஈரத் தலையோடு அவர்களும் வந்து நின்றார்கள். ஜெய்சங்கர் சார் வந்தார். அவரும் ஷூவைக் கழற்றினார். ஹஃப்ஸா அக்கா மட்டும் என் காதருகே வந்தார்.

“என்னடி பண்ற?”

“லீக் பாக்குறேங்க்கா.”

“பாரு பாரு. அப்படியே எல்லாருக்கும் தீர்த்தமும் குடுத்துடு.”

அவ்வளவு பேர் முன்னால் விளக்கம் சொல்ல எனக்கு வெட்கம். தொடர்ந்து காட்டினேன். எல்லா இடத்திலும் நேராக எழுந்த புகை, கண்ணாடி மூடியின் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி வளைந்து உள்ளே போயிற்று. மோட்டாரை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டுகள். ஆயுத பூஜைக்கு வைத்தது, அதன் மேல் அடுத்த வெள்ளி, அதன் மேல் அதற்கடுத்த வெள்ளி என்று காய்ந்து கல்லாகியிருந்தன. பம்ப் இரும இரும அண்ணன் பொட்டு வைத்திருக்கிறார். அவர் பொட்டு வைக்க வைக்க அது இருமியிருக்கிறது. முதுகால் மறைத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டி, வளையத்துக்கு கிரீஸ் தடவி மூடினேன். பம்ப் ஒருமுறை இருமியது, அப்புறம் குமிழி குறைந்து, மூடிக்குள் தண்ணீர் தளும்ப நிறைந்தது. சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிச்சமுத்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, பொட்டை மோட்டார் மேல வைங்க. மூடிக்கு உள்ள வச்சா அதுக்கு மூச்சு வாங்குது” என்றேன்.

“வெளிய வச்சா உதிருதேன்னுதான் பாப்பா உள்ள வச்சேன்” என்றவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப இத்தனை நாளும் நான்தானா?”

ஸ்கேலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தேன். அதற்குள் அவரே தெளிந்தார். “ஓட்டையக் காட்டுனது எது? ஊதுவத்தி. யாரு மாடத்து ஊதுவத்தி? அவ மாடத்துது. பாத்தியா, கைவிடல.”

இந்தப் பாடத்தை எங்கள் காலேஜில் நடத்தவில்லை, அத்தை. இனிமேல் தினமும் காலையில் பம்ப்புக்கு ஊதுவத்தி காட்டுவதும் என் வேலை என்று சார் சொல்லிவிட்டார். லீக் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று நானும் தலையாட்டினேன். பங்குச் சாமியாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் தெளிய ஆரம்பித்துவிட்டது, அடியில் போட்ட நீலக்கோடு தெரிகிறது, வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது.

வேறு விசேஷம் இல்லை. மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கண்ணுக்கும் முதுகுக்கும் மாதா துணையிருக்கட்டும்.

உங்கள் அண்ணன் மகள்,
ஜாஸ்லின்

பி.கு.: எதையும் கேட்க எழுதவில்லை என்று மேலே எழுதியது பொய். அந்த வகுப்பில் எனக்கு ஒன்றும் இல்லை என்றதும் பொய். முதலில் பெயர் கொடுத்தவளே நான்தான். பொட்டலத்தில் ஒன்றும் இல்லை என்றதும் பொய், இப்போது பிரியுங்கள். நீச்சல் உடைக்கான துணி. ஷேவிங் க்ரீமே கேட்கத் தெரியாதவள் கடையில் போய் இந்த உடையை எப்படிக் கேட்பேன்? முழுக்கை, கணுக்கால் வரை. அளவு ஈஸ்டருக்குத் தைத்த சுடிதாரின் அளவுதான். தைத்து நீங்களே கொண்டுவந்து, அப்பா முன்னால் என் கையில் கொடுக்க வேண்டும். அவர் அடங்குவது உங்கள் குரலுக்கு மட்டும்தான். துணி எதற்கு இவ்வளவு என்று யோசிப்பீர்கள். தனியாக இறங்க எனக்கு வெட்கம், அத்தை. உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் ஒன்று தைத்துக்கொண்டு வருவீர்களா?