விளிம்பில் நின்ற முதலாளிகள்

"மாப்ள, கடைப் பக்கத்தை போன்ல திறந்தேன். தம்பி முழுசா நிக்கிறான். என் சுண்டுவிரல்கூடத் தெரியல!"

முழங்கியவர் மெத்தைக் கடையின் மூத்த முதலாளி. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். இணையப் பக்கங்கள் வடிவமைப்பவர்.

மூத்தவரும் இளையவரும் ஓராண்டாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே கடைக்கு ஒருவர் முன்வாசல் வழியாகவும் மற்றவர் பின்வாசல் வழியாகவும் வந்துபோயினர். கடையைப் பிரிக்கும் பேச்சு எழுந்ததிலிருந்து, இருவருக்கும் நடுவில் பிறந்த தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. இருவருக்கும் பிடித்த பக்கம் ஒன்றைச் செய்துவிட்டால் சமாதானம் பிறக்கும் என்று வடிவமைப்பாளர் நம்பினார்.

பக்கத்தின் உச்சியில், எழுத்துகளுக்குப் பின்னணியாகக் கடையின் அகன்ற படம். தேடிக் கொடுத்தவள் மனைவி. இடக்கோடியில் அண்ணன், வலக்கோடியில் தம்பி, நடுவே புது மெத்தையில் அயர்ந்து உறங்கும் வேன் ஓட்டுநர். கணினியில் மூவரும் தெரிந்தனர். கைப்பேசியின் குறுகிய திரையோ ஒரு பகுதியை மட்டுமே காட்டியது.

"இடப்பக்கம் நகர்த்திடறேன் மச்சான்."

நகர்த்தினார். ஐந்தாம் நிமிடம் தம்பி அழைத்தான்.

"அத்தான், நான் எங்க? பாகம் பிரிக்கறதுக்கு முன்னாடியே என்னை வெட்டிட்டீங்களா?"

"ஐயோ, இருங்க மச்சான், நடுவுல வைக்கிறேன்!"

பதற்றத்தில் அவர் தம் தொழிலையே மறந்தார். படத்தை நடுவில் நிறுத்தியதோடு, இடம் போதவில்லையென்று எண்ணிப் பேடிங்கையும் கூட்டினார். பேடிங் என்பது பெட்டியின் ஓரத்துக்கும் உள்ளிருக்கும் எழுத்துக்கும் இடையே விடும் வெற்றிடம். மேலும் கீழும் அது பெருகவே பெட்டி உயர்ந்தது. உயர்ந்த பெட்டியை நிரப்பப் படமும் பெருத்தது. பெருத்த படத்தின் இரு பக்கங்களும் இன்னும் வெட்டுப்பட்டன. பேடிங்கை மறுபடி கூட்டினார். எஞ்சியவர், வாயைப் பிளந்து உறங்கும் ஓட்டுநர் ஒருவரே.

அவர் தலைக்குமேல், "உரிமையாளர்கள் உங்களை அன்புடன் வரவேற்க்கிறோம்" என்றிருந்தது. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம், நடுவில் வேண்டாத ஓர் ஒற்று! வடிவமைப்பாளரும் மச்சான்கள் இருவரும் பத்து முறை படித்தும் ஒருவராவது கேட்டாரா? சுண்டுவிரலைக் காணோம் என்பதற்குத்தான் தொலைபேசி அலறியது.

இப்போதும் அலறியது.

"மாப்ள, நான் இல்லாட்டிப் போகுது. அவனையும் காணோமே! எங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டு, தூங்குமூஞ்சிக்கா பட்டம் கட்டுவீங்க?"

வைத்ததும் தம்பி.

"அத்தான், என்னை எடுத்தீங்க, சரி. அண்ணனை எடுக்க நீங்க யாரு? இருங்க, வர்றோம்."

"வர்றோமா?"

கால்மணி நேரத்தில் கடை வேன் வாசலில் வந்து நின்றது. முன்னிருக்கையில் அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரே கைப்பேசியைப் பார்த்து ஒரே குரலில் திட்டிக்கொண்டிருந்தனர்.

வடிவமைப்பாளர் சமையலறைக்கு ஓடினார். "உங்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து வந்திருக்காங்க, என்னை உரிக்க! ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற படம் ஒண்ணுகூடவா உன்கிட்ட இல்ல?"

மனைவி இரண்டாம் முறையாகத் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

"நிறைய இருந்துச்சு, ஓரத்துல நிக்கிறவங்க போன்ல வெட்டுப்படுவாங்கன்னு தினம் சாப்பிடும்போது நீங்க புலம்பறதைக் கேட்டுத்தானே, அதையெல்லாம் ஒளிச்சு வெச்சுட்டு இதைக் குடுத்தேன்!"