அத்தையின் நேர்த்திச் சேவலுக்கு நான் பார்த்த வைத்தியம்

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுச் சேவலைக் குளிப்பாட்டலாம் என்ற யோசனை, ஒரு மார்கழிக் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. (என் பெரிய யோசனைகள் எல்லாம் வாய் நிறைய நுரை இருக்கும்போதுதான் வருகின்றன. அதனால் யாரிடமும் கேட்டுக்கொள்ள முடிவதில்லை.)

அது சாதாரணச் சேவல் இல்லை. பைக்கிலிருந்து விழுந்த மகன் பிழைத்து எழுந்ததற்காக, மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கருப்பசாமிக்கு அத்தை நேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயில். நேர்ந்ததை மாற்றக் கூடாது. அது நோயில் விழுந்தாலும் சாமிக்கு ஆகாது. அன்று புதன். அத்தை ஏதோ வேலையாக ஆரப்பாளையம் போயிருந்தாள். சாமிக்குப் போகிற சேவல் இவ்வளவு அழுக்காகவா போவது? விலங்கியல் படித்தவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பாக்கெட் ஷாம்பூ, இரண்டு வாளி பச்சைத் தண்ணீர்.

பத்து நிமிடத்தில் சேவல் சாய்ந்தது. கொண்டை நீலம் பாரித்தது. கால் ஜில்லிட்டுப் போயிருந்தது. இறகில் எண்ணெய்ப் பசை போனால் பறவைக்குக் குளிர் தாங்காது என்பது, மூன்றாம் செமஸ்டரில் நான் எழுதி மார்க் வாங்கிய பதில். (விடைத்தாளில் இருந்த அறிவு வாளிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.)

ஆனால் அதற்குப் பிறகு செய்ததை எங்கே வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வேன். துண்டால் ஒற்றி எடுத்தேன். ஹேர் ட்ரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, என் கையில் சூடு பார்த்துப் பார்த்து இறகைக் காயவைத்தேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சேவலைப் படுக்கவைத்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னத்தா பண்ற?"

"உசுரக் காப்பாத்துறேன்ப்பா."

"மொளகுத் தண்ணிய வாயில ஊத்து."

"குளுந்து கெடக்கையில எதையும் ஊத்தக்கூடாதுப்பா. பொரையேறிச் செத்துரும்."

"சரி, ஒன் அத்தை வந்தா ஒன் உசுர யாரு காப்பாத்துவா?"

நியாயமான கேள்வி. பெட்டிக்குள் தலை தொங்கிக்கொண்டே இருந்ததால், துப்பட்டாவில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டேன். மதியம்வரை நான் எழுந்திருக்கவில்லை. கொண்டை மெல்லச் சிவந்தது. கண் திறந்தது. அப்புறம்தான் வெதுவெதுப்பான குளுக்கோஸ் தண்ணீரை அலகின் ஓரத்தில் துளித்துளியாக வைத்தேன், தானே விழுங்கியது. அத்தை வந்தபோது கம்பு கொத்திக்கொண்டிருந்தது.

"என்னடி, இம்புட்டுப் பளபளன்னு இருக்கு?"

"கவனிப்பு அத்தை."

வெள்ளிக்கிழமை. எங்கள் கோயிலில் கால்கட்டை அவிழ்த்துவிட்டுச் சேவல்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம். பூசாரி தெளித்தார். சேவல் சிலுப்பவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தது. நேராக ஓடிவந்து, தரையில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது. நனைந்தால் அடுத்தது துப்பட்டா என்று அதற்குப் பாடமாகியிருந்தது. தூக்கிக்கொண்டு போய் மறுபடி தெளித்தார்கள். மறுபடி மடி. மூன்றாம் முறை பூசாரி செம்பைத் தூக்கியதுமே வந்துவிட்டது.

"சாமிக்கு வேணாமாம்த்தா," என்றார் பூசாரி அத்தையிடம். "வீட்டுலயே இருக்கட்டும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "என்னடி செஞ்சு தொலச்ச?"

ஷாம்பூவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் அத்தையால் முழுதாகத் திட்டக்கூட முடியவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் அப்பா, "போ, அவ மடியில போயி உக்காரு" என்கிறார். சிரிக்கட்டும். செத்துக்கொண்டிருந்த உயிர் இன்று தெருவுக்கே கூவுகிறது.

சேவலுக்குப் பதிலாக அத்தை ஒரு கிடா நேர்ந்துவிட்டிருக்கிறாள். அதன் நிழலை நான் மிதித்தால்கூடக் காலை ஒடிப்பாளாம். நேற்றிலிருந்து அந்தக் கிடா இருமுகிறது. அத்தை கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சுவர் என் நெஞ்சு உயரம்தான். ஸ்டூல் இருக்கிறது.