அணைக்காத விளக்கும் ஆம்ப்ளிஃபயர் முனகலும்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் கொல்லையில் கரண்ட்டுக்கு எர்த் கம்பி புதைத்திருக்கும் குழிக்கு ஒரு குடம் தண்ணீரும் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் போட்டேன். பிறகு சர்ச்சில் முதல் பூசை. திரும்பும் வழியில் ஆட்டுக்கறி. வீட்டுக்கு வந்து சட்டையை மடித்து வைத்து, டைரியில் தேதியை எழுதி அடியில் ஒரு கோடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் என் மானம் போகப் போகிறது என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்ப்பவன். மூட்டையில் ஈரம் கொஞ்சம் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். யார் சிபாரிசும் நடக்காது. எதையும் முறைப்படி சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. (அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் இல்லை.)

எனக்கிருக்கும் ஒரே ஆசை, பாட்டைச் சுத்தமாகக் கேட்பது. கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கும். அவற்றை ஒலியாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதற்கு டாக் என்று பெயர். என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. அந்த மே மாதக் கடைசியில் வெள்ளி நிறத்தில், டிபன் பாக்ஸ் அளவில், விலை அதிகமான இன்னொன்றை வரவழைத்தேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். அதற்குக் கடைசி நாள் திங்கட்கிழமை.

என் மனைவி ஸ்டெல்லா மோகனூர்க்காரி. கோபம் வந்தால் மரியாதை கூடும்.

"ஏனுங்க, எங்கண்ணன் ஞாயித்துக்கெழமை வாராருங்க. அவரு முன்னால ரெண்டு பொட்டிக்கும் வித்தியாசம் கண்டுபுடிச்சுக் காட்டுங்க. காட்டிட்டா வெச்சுக்கலாம். இல்லாட்டி திங்கக்கெழம காலையில அது ஊட்ட விட்டுப் போயிரோணும்."

ஒப்புக்கொண்டேன். வித்தியாசம் இருந்தது. ஆனால் அதற்கு நடுவே ஒரு முனகலும் இருந்தது.

பாட்டுப் பெட்டியைப் போட்டால் போதும், ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம், பல்வலிக்காரர் உறங்குவது போல. வெள்ளிப் பெட்டியில் அது குறைவு, சின்னதில் அதிகம் என்பது என் கணிப்பு. இருந்தாலும் அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று வேட்டையில் இறங்கினேன். ஃப்ரிட்ஜை அணைத்தேன் (பால் திரிந்தது). டியூப் லைட்டுகளைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன் (அந்த வார இட்லி கல்லானதற்கு இன்றும் நான்தான் காரணம்). ஒரு நாள் சாயங்காலம் மெயினையே இறக்கிவிட்டு, பாட்டுப் பெட்டியை மட்டும் இன்வெர்ட்டரில் ஓடவிட்டேன். ம்ம்ம்ம்.

மிச்சமிருந்தது எர்த் ஒன்றுதான். குழி காய்ந்தால் இப்படி வரும் என்று படித்திருந்தேன். அன்றிலிருந்து தினமும் தண்ணீர், உப்பு. முனகல் குறையவில்லை. குழிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவின் கறிவேப்பிலை மரம் முதலில் மஞ்சளானது, பிறகு மொட்டையானது, பிறகு குச்சியாக நின்றது.

"உங்க பொட்டி பாடோணும்னு எம் மரத்த ஊறுகா போட்டுட்டீங்களே!" என்றாள். அப்போதும் நான் உப்பை நிறுத்தவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்துவது முறையல்ல.

அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு மச்சான் ஆரோக்கியசாமி வந்தார். கரும்பு போட்டிருப்பவர். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் மரத்துவிடும். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"மாப்ள, கொல்லையில என்னுங்க, மரம் நின்ன எடத்துல வெளக்குமாறு நிக்குது?"

"அத அவருகிட்டயே கேளுங்கண்ணா" என்றாள் ஸ்டெல்லா.

நான் கேள்வியை ஏற்கவில்லை. நேராகச் சோதனைக்குப் போனேன். ஏற்பாடு துல்லியமானது. இரண்டு டாக்குகளையும் ஒரு மாற்றுச் சுவிட்சில் இணைத்து, மேலே போர்வை போட்டு மூடியிருந்தேன். கல்லூரி விடுமுறையில் இருந்த மகள் ஜெனி சுவிட்சைத் திருப்புவாள். நான் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, எது ஓடுகிறது என்று சொல்வேன். எனக்கு யாரும் ஜாடை காட்டிவிட்டதாக நாளை பேச்சு வரக்கூடாது அல்லவா?

"கண்ணக் கட்டிக்கிட்டுப் பாட்டுக் கேக்கற மனுசன இன்னிக்கித்தானுங்க பாக்கறேன்" என்றார் மச்சான்.

ஒரு வயலின் ஓடியது. கூடவே முனகலும். முதல் சுற்றில் வெள்ளி என்றேன். அடுத்த சுற்றில் யோசித்துவிட்டு, மறுபடி வெள்ளி என்றேன். ஜெனி சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை, அது என் விதி. அடுக்களையிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது. மச்சான் எழுந்து நடப்பது கேட்டது. "சும்மாதான நிக்கறீங்க, அதையாச்சும் மாட்டிருங்கண்ணா, செபம் சொல்லிட்டுச் சாப்பிடலாம்" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள். நான் வயலினில் கவனமாக இருந்தேன்.

சட்டென்று முனகல் நின்றது.

நின்றது என்றால் அடியோடு. ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை. அந்த நிசப்தத்திலிருந்து வயலின் மட்டும் எழுந்து வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"இதுதான்! வெள்ளிப் பெட்டி! கேட்டீங்களா மச்சான்? இந்த அமைதிக்குத்தான் அந்த விலை! வில்லில் தடவின பிசின்கூடக் காதில் விழுது. சின்னப் பெட்டி நூறு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒரு..."

இன்னும் நிறையப் பேசினேன். கையை வேறு ஆட்டினேன்.

"அப்பா" என்றாள் ஜெனி. "துண்ட அவுருங்க."

அவிழ்த்தேன். அவள் போர்வையைத் தூக்கிக் காட்டினாள். சுவிட்ச் சின்னப் பெட்டியில் இருந்தது.

"நான் சுவிட்ச தொடவே இல்லப்பா."

"நானும் ஒண்ணும் பண்ணலீங்க மாப்ள" என்றார் மச்சான் அவசரமாக. "சாமி வெளக்கத்தான் மாத்துனேன்."

எங்கள் வீட்டுப் பீடம் பாட்டுப் பெட்டிக்கு நேர் மேலே இருக்கிறது. திரு இருதயப் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று ஃபாதர் போட்டது, அதன் பிறகு அணைத்ததே இல்லை. மின்சாரம் போனாலும் இன்வெர்ட்டரில் எரியும். செங்கல் கனத்தில் அதற்கு ஒரு பழைய அடாப்டர். அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறது. மச்சான் அதைப் பிடுங்கிவிட்டு, வேளாங்கண்ணியில் வாங்கிய புது விளக்கை மாட்டியிருந்தார். அதன் அடாப்டர் புளியங்கொட்டை மாதிரி இருந்தது.

பழையதை மாட்டச் சொன்னேன். ம்ம்ம்ம். எடுக்கச் சொன்னேன். அமைதி. மறுபடி மாட்டச் சொன்னேன்.

"ஏஞ் சாமி" என்று மச்சான் ஜெனியிடம் கேட்டார், "உங்கப்பன் எல்லாத்தையும் அணைச்சுப் பாத்தேன்னாரே?"

"மெயின எறக்கிட்டு எல்லாத்தையும் பாத்தாரு மாமா."

"இருட்டுலயா?"

"சாமி வெளக்கு வெளிச்சத்துல."

ஸ்டெல்லா கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளக்கு அணைக்கக்கூடிய ஒரு பொருள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஜன்னலையும் சுவரையும் போல அது வீட்டில் இருந்தது. என்னைக் கேலி செய்த மூன்று பேருக்கும்கூட அது தோன்றவில்லை என்பதை டைரியில் குறித்திருக்கிறேன்.

ஆனால் பந்தயம் முடியவில்லை. துண்டை மறுபடி கட்டிக்கொண்டேன்.

"சோறு ஆறிப் போவுதுங்க மாப்ள!"

"ஆறட்டும்."

முனகல் இல்லாத சுத்தமான அமைதியில், முறைப்படி, முதலிலிருந்து கேட்டேன். வெள்ளி என்று நான் சொன்னதில் பாதி சின்னது. சின்னது என்று சொன்னதில் பாதி வெள்ளி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே அளவு சரியாக வந்திருக்கும். முடிவை நானே எழுந்து நின்று அறிவித்தேன்: "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிப் பெட்டி திரும்பிப் போகிறது."

மச்சானுக்கே மனசு கேட்கவில்லை. "இருந்துட்டுப் போவட்டுமுங்க, பாக்க அழகாத்தான இருக்குது."

"ஈரம் கூடின மூட்டையை அழகுக்காக வெச்சுக்க முடியுமா மச்சான்?" என்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்டெல்லா நல்லி எலும்பை என் தட்டில் வைத்தாள். அது எப்போதும் அவள் அண்ணனுக்குப் போவது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பைக் கிளம்பாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மச்சான் போனில் கேட்கும் முதல் கேள்வி, "மாப்ள, சாமி வெளக்கப் பாத்தீங்களா?" ஜெனியின் கல்லூரித் தோழிகள் வரை இது பரவியிருக்கிறது. நான் கவலைப்படுவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் முனகல் துளியும் இல்லாமல் பாட்டுக் கேட்கும் வீடு எதுவென்று யாராவது கேட்டால், அதே ஜெனிதான் "எங்க வீடு" என்று முந்திக்கொண்டு சொல்கிறாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை எழுந்ததும், பழக்க தோஷத்தில் குடத்தை நிரப்பிக்கொண்டு உப்பு எடுக்க அடுக்களைக்குப் போனேன். ஜாடி அதன் இடத்தில் இல்லை. கூடத்துக்கு வந்தேன். பீடத்தின் மேல், புது விளக்குக்குப் பக்கத்தில், நான் கை வைக்கவே மாட்டேன் என்று ஸ்டெல்லாவுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே இடத்தில், உப்பு ஜாடி சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய், வெறும் தண்ணீரைக் கறிவேப்பிலைக் குச்சியின் அடியில் ஊற்றினேன்.