ஈனும் ஆடும் மனிதவள மேம்பாடும்

உலகின் உயர்ந்த நிர்வாகத் தத்துவங்கள் எல்லாம் உயரமான இடங்களில்தான் கிடைக்கும். எனவே துபாய் அல் குசைஸில் இருக்கும் அந்த ஏசி பராமரிப்புக் கம்பெனி, தன் ஊழியர்களை அவர்களுடைய சொந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே ராசல்கைமா மலை மேய்ச்சலுக்கு ஏற்றிச் சென்றது. நோக்கம்: நாடோடி இடையர்களிடம் ‘பற்றற்ற பணித்திறன்’ பயில்தல்.

டெக்னீஷியன் பிரைட்டுக்குத் தத்துவம் வேண்டாம், லீவு வேண்டும். குளச்சலில் மனைவி ஜெபிஷாவுக்கு அடுத்த வாரம் தலைப்பிரசவம். “நீங்க பக்கத்துல நின்னாப் போதும்” என்பதுதான் அவள் கேட்டது. மனிதவள மேலாளர் வெங்கட்ராமன் மும்முறை மறுதலித்திருந்தார். மலைக்காற்றில் மனம் இளகும் என்று பிரைட் நம்பினான்.

மலைமேல் இடையர் சாலிம், ஏசியை அணைக்காமலே பிக்கப்பிலிருந்து இறங்கினார். புல் இருக்கும் பக்கம் மந்தை போகும். மந்தை போகும் பக்கம் மனைவி மக்களோடு அவரும் போவார். அவர் பேசிய அரபியை கம்பெனி டிரைவர் மஹ்மூது தமிழாக்கினார்.

“உங்க பயணத்தை எதுவுமே நிறுத்தாது, அப்படித்தானே?” வெங்கட்ராமன் உருக்கமாகக் கேட்டார்.

“நிறுத்துமாம் சார். ஒரு ஆட்டுக்கு வலி கண்டா மொத்த மந்தையும் நிக்குமாம். குட்டி எழும்பி நடந்தாத்தான் ‘யல்லா, போலாம்’பாங்களாம்.”

“ஆஹா!” வெங்கட்ராமனின் கண்கள் கலங்கின. “எல்லாரும் நோட் பண்ணுங்க. இதுதான் கருணை நிர்வாகம்!”

பிரைட் மஹ்மூதின் முன்னால் வந்தான். “காக்கா, அந்நேரம் கெடா என்ன செய்யும்னு கேளுங்க.”

சாலிம் சிரித்துவிட்டார்.

“அதுக்கு ஒரு வேலையும் மாஃபி, தம்பி. சும்மா நிக்குமாம். ஆனா அதை மட்டும் தனியா ஓட்டிட்டுப் போக மாட்டாங்களாம்.”

“சார், அப்போ என் லீவு?”

“பிரைட், அது ஆடு. நீ சீனியர் டெக்னீஷியன்.” வெங்கட்ராமன் அவன் தோளைத் தட்டினார். “வெயில் காலத்துல ஏசி ஆளை எப்படி விடறது? வீடியோ கால்ல பக்கத்துல நில்லு. டூட்டி நேரத்துலயே நின்னுக்கோ. கம்பெனி தடுக்காது.”

எல்லோரும் கைதட்டினார்கள். சலுகை அறிவிக்கப்பட்டால் கைதட்டுவது கம்பெனியின் மரபு.

என்ன தகராறு என்று சாலிம் விசாரித்தார். மஹ்மூது விளக்கினார். சாலிம் வெங்கட்ராமனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கைகுலுக்கி ஏதோ சொன்னார்.

“பாராட்டுறாரா? என்ன சொல்றார்?”

மஹ்மூது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவங்க வாப்பா காலத்துல இந்த மலையில ஓநாய் நெறைய இருந்துச்சாம் சார். அப்புறம் ஒண்ணையும் காணோமாம். எல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சிருந்தாங்களாம். துபாய்ல வேலைக்குச் சேர்ந்துட்டது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாம்.”