பக்கத்து வீட்டுப் பார்சல்

இனிமேல் பழைய பேஸ்பால் கார்டு வாங்குவதில்லை என்று நானும், பட்டுப்புடவை வாங்குவதில்லை என்று என் மனைவி மிருணாளினியும் சாமி படத்துக்கு முன்னால் சபதம் செய்தோம். என் சபதம் செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது.

எனக்கு பேஸ்பால் ஆடவும் தெரியாது, பார்க்கவும் தெரியாது. ஆனால் என் அப்பா பிறப்பதற்கு முன்னால் அமெரிக்காவில் சூயிங்கத்தோடு இலவசமாகக் கொடுத்த, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை ஒன்று, மூலை மடங்காமல் இணையத்தில் வந்து, 'இன்னும் சில நிமிடங்களே' என்று கண்ணடித்தால் விரல் தானாக அமுக்கிவிடுகிறது. அட்டை என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டால் விடாது.

"போன்ல என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் மிருணா.

"ஏலம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"டப்பாவில இருக்கே. பாயசமா வைக்கப் போறீங்க?"

"ஆமா."

அன்றைக்கு நான்தான் பாயசம் வைத்தேன். அதைக் கிண்டிக்கொண்டே ஏலத்திலும் ஜெயித்தேன்.

கார்டு வீட்டுக்கு வந்தால் மானம் போய்விடும். பக்கத்து வீட்டு றெஜினோல்ட் அங்கிளிடம் ஓடினேன். மன்னார்க்காரர். ஓய்வு பெற்றவர். ரோவில் புறநகரில் எங்கள் தெருவில் பகலில் ஆள் இருக்கிற வீடு அது ஒன்றுதான்.

"அங்கிள், ஒரு பார்சல் உங்க அட்ரஸுக்கு வரும். மிருணாவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஓம் தம்பி, வரட்டும். நான் வாய் திறக்க மாட்டன்."

சனிக்கிழமை மிருணா கடைக்குப் போனதும் அங்கே போனேன். அவர் மனைவி டொறத்தி அன்ரி உள்ளேயிருந்து ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். ஒரு கார்டுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா? எவ்வளவு பொறுப்பான விற்பனையாளர் என்று பூரித்துப்போய் அங்கேயே டேப்பைக் கிழித்தேன்.

உள்ளே பச்சைப் பட்டுப்புடவை. மஞ்சள் கரை.

"ஐயோ, மாறிப் போச்சு தம்பி" என்றார் அன்ரி. "அது மிருணாளினியின்ர."

எட்டிப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில், பியானோவின் மேல், எங்கும் மிருணாவின் பெட்டிகள்.

"அங்கிள், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"வாய் திறக்க மாட்டன் எண்டு அவவுக்கும் சொன்னனான்."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசல்வரை வந்தேன். அங்கேதான் உறைத்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால்? திரும்பிப் போய் டேப்பை ஒட்டினேன். அன்ரி தேடி எடுத்துத் தந்த என் கார்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீடு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கிளம்பினோம். மிருணா அறையிலிருந்து வந்தாள். பச்சைப் பட்டு. மஞ்சள் கரை.

"எப்படி இருக்கு? எப்ப வாங்கினதுன்னு கேட்கலையே?"

"எதுக்குக் கேட்கணும்?" என்றேன், மகா தாராளமாக. "பழைய புடவைதானே. நான் ஏற்கெனவே பார்த்ததுதான்."

"ஆமா, நேத்து பார்த்தீங்க" என்றாள், மடிப்பைச் சரிசெய்தபடியே. "வாய் திறக்க மாட்டேன்னு சொன்னது அங்கிள்தான், அன்ரி இல்லை. அடுத்த தடவை கார்டு எடுக்கப் போறப்ப மத்த பெட்டியையும் தூக்கிட்டு வந்துடுங்க, எனக்கு முதுகு வலிக்குது."