நாழிகைக்கு அரைக்காசுக் காற்று

மேற்றுண்டு நாட்டில் காலைக் காற்றின் விலை நாழிகைக்கு அரைக்காசு. எந்தச் சந்தையிலும் இதைவிட மலிவாகக் காற்று கிடைத்ததில்லை. இரண்டு வணிகர்கள் மூவாயிரம் மஞ்சள் சைக்கிள்களைக் கொண்டுவந்து தலைநகரத் தெருக்களில் இறைத்திருந்தார்கள். கொட்டகை கிடையாது, காவலாள் கிடையாது. கண்ட இடத்தில் எடு, அதிலுள்ள உண்டியலில் அரைக்காசு போடு, போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிடு. மிதிக்க மிதிக்க முகத்தில் அடிக்கிற காற்று உன்னுடையது.

ஆற்றங்கரையில் கீரை பறித்துக் கோட்டைவாசல் சந்தையில் விற்கும் காத்தாயிக்கு அந்தக் காற்றில்தான் பிழைப்பு. சந்தைச் சட்டம் கறாரானது: மணி அடிப்பதற்குள் சாக்கை விரிக்க வேண்டும், மூன்று நாள் தவறினால் இடம் அடுத்தவருக்கு. அந்த அடுத்தவள் சடைச்சி. சுருட்டிய சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தினமும் வந்து நிற்பாள்.

"ஏக்கா, உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு?"

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். நீ சாக்கைக் கறையான் அரிக்காமப் பாத்துக்க."

இப்படி இருக்கையில், யாரோ குறுக்கே சாய்த்துவிட்டுப் போன சைக்கிளில் அரசரின் பல்லக்குத் தூக்குபவன் ஒருவனின் கட்டைவிரல் இடித்தது. அரசர் ஒரு சாண் குலுங்கினார். விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். குலுக்கலுக்குச் சட்டம் போட்டால்தான் ஆகும் என்றார்கள்.

அந்த நாட்டில் சட்டங்கள் மாட்டுச்சந்தை முறைப்படி பிறப்பவை. அரசரும் பேரமைச்சரும் கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்பிடித்துப் பேசி முடிப்பார்கள். நகத்தைத் தொட்டால் சரக்கு, உள்ளங்கையைத் தொட்டால் காசு. துண்டை விலக்கியதும் அமைச்சர் எண்ணை மட்டும் சொல்வார்; எழுத்தர் கல்லில் வெட்டிவிடுவார். அன்று வெட்டியது: ஐந்து.

எது ஐந்து என்று கேட்பது ராஜத்துரோகம். ஆகவே நிற்பன கண்காணிப்பு அதிகாரி ஆலாலசுந்தரனார் தாமே பொருள் கண்டார். "நகருக்கு ஐந்து நிறுத்தங்கள்! இனி சைக்கிள்கள் அங்கு மட்டுமே நிற்கும்." எவருக்கும் இடையூறு கூடாதல்லவா? எவரும் போகாத ஐந்து இடங்களைத் தேடிப் பிடித்தார்கள். காத்தாயிக்குப் பக்கத்து நிறுத்தம் யானைக் கொட்டாரத்தின் பின்புறம். கீரைக்கூடையோடு அதைத் தேடி நடந்தாள். வழியில் சந்தையே வந்துவிட்டது. மணியும் அடித்து ஓய்ந்திருந்தது.

"ஒரு நாள் ஆச்சுக்கா," என்றாள் சடைச்சி, ஒரு விரலைக் காட்டி.

ஐந்து நிறுத்தங்களில் மூவாயிரம் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஆலாலசுந்தரனார் கல்லை மறுபடி படித்தார். சைக்கிள் எடுக்க ஆளுக்கு ஐந்து சான்று என்றும் அது பொருள்படுவதாக அறிவித்தார். இரண்டு கால் உண்டு என்பதற்கு ஒன்று, அந்த இரண்டும் போதவில்லை என்பதற்கு ஒன்று, இப்படி. சான்றளிக்கும் அலுவலகம் சந்தை மணி அடித்த பிறகே திறக்கும். இரண்டாவது நாளும் போயிற்று.

சான்றுகள் கைக்கு வந்ததும் காத்தாயி ஒரு காரியம் செய்தாள். சட்டம் தெருவுக்குத்தானே? மாலையே ஒரு சைக்கிளை எடுத்துவந்து வீட்டுக்குள் ஏற்றி, அடுப்பங்கரையில் சாத்திவைத்தாள். விடிந்ததும் உண்டியலில் அரைக்காசு போட்டுவிட்டு மிதித்தாள். காற்று முகத்தில் அடித்தது. அரை நாழிகைதான் போயிருப்பாள், ஆலாலசுந்தரனாரே வழிமறித்தார்.

"அம்மையீர், இறங்குங்கள். இன்று பசுமைப் பயணத் திருநாள். அமைச்சர் பெருமக்கள் ஐம்பது தேர்களில் சைக்கிளின் பெருமையைப் பறைசாற்றி வருகிறார்கள். அதற்குச் சைக்கிள்கள் இடையூறாக இருக்கலாகாது."

"நிறுத்துனா ஆக்கிரமிப்புன்னீங்க. ஓட்டுனா இடையூறுங்கிறீங்க. சைக்கிள் என்னதாங்கய்யா பண்ணணும்?"

"போற்றப்பட வேண்டும்."

சைக்கிள் பறிபோயிற்று. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். கோட்டைவாசலை எட்டும்போது சடைச்சி சாக்கை விரித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதக்கா. நான் விரிக்கலேன்னா பின்னாடி பதினோரு பேர் நிக்கிறாங்க."

காத்தாயி கோபித்துக்கொள்ளவில்லை. சந்தையில் வளர்ந்தவள்; கைவிட்டுப்போன சரக்குக்கு அழமாட்டாள், வரவேண்டிய பாக்கியை விடவுமாட்டாள். வாடிய கீரையோடு நேரே அதிகாரியிடம் போனாள். "அரைக்காசு போட்டேன். அரை நாழிகையில இறக்கிட்டீங்க. மிச்ச அரை நாழிகைக் காத்தைக் கொடுங்க."

"காற்றைத் திருப்பியளிக்க விதியில்லை, அம்மையீர்."

காத்தாயி முந்தானையை அவர் கைமேல் போட்டாள். கைமேல் துணி விழுந்தால் அந்நாட்டு அதிகாரிகளுக்கு விரல்கள் தாமாகவே வேலை செய்யும். அவருடைய ஐந்து விரல்களும் அவள் உள்ளங்கையில் அழுந்தின.

உள்ளங்கை. ஐந்து காசு. காத்தாயிக்குச் சுரீரென்றது.

"ஐயா... ராசா அன்னிக்கு அழுத்துனதும் உள்ளங்கையிலதானா?"

ஆலாலசுந்தரனாரின் செந்தமிழ் துணிக்குள்ளேயே தங்கிவிட்டது. "மெதுவாப் பேசும்மா. வணிகருங்க சைக்கிளுக்கு அஞ்சு காசு தரணும்னுதான் ராசா கேட்டாரு. வேற ஒண்ணுமில்ல. அதைச் சபையில அமைச்சர் எப்படிச் சொல்லுவாரு? அஞ்சுன்னு மட்டும் சொன்னாரு. நாங்க நிசமாவே சட்டம்னு நெனச்சுட்டோம்."

"தெரிஞ்சதும் சட்டத்தை எடுக்க வேண்டியதுதான?"

"கல்லுல வெட்டியாச்சே! வணிகருங்ககிட்ட காசும் வாங்கியாச்சு, சைக்கிளையும் பிடிச்சாச்சு. இனி எதைத் திருப்பிக் கொடுக்கிறது?"

காத்தாயி முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் கோட்டைச் சுவரில் அரசாங்கக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. வந்த சைக்கிள் மூவாயிரம். பிடித்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. பூமாலையோடு தேரில் நிற்பது ஐந்து. சைக்கிள் வழிமறித்ததாகப் புகார், இல்லை. கணக்கு நேர். திட்டம் மகத்தான வெற்றி.

அதன் கீழே யாரோ அடுப்புக்கரியால் எழுதியிருந்தார்கள்:

வரவு, அரைக்காசு. கொடுத்த காற்று, அரை நாழிகை. அரசு தரவேண்டிய பாக்கி, அரை நாழிகை.